நண்டுதின்னியின் பிள்ளை

ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்த மறுநாள் சாயங்காலமே அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகத் தண்ணீருக்கு நடந்தாள். குனிந்து, ஒரு விரலை நனைத்து, நாக்கில் வைத்தாள்.

"நம்ம கடலவிட கரிப்பு கூட தம்பி."

வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் இருபது வருடம் பாத்தியில் நின்றவளின் நாக்கு அது, தப்பாது. பெருங்கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். இங்கே வளைகுடாவில் 40 கிராமைத் தாண்டும். சராசரியாக 35 மீட்டர் ஆழமே உள்ள, ஒரு குறுகிய வாயைத் தவிர எல்லாப் பக்கமும் நிலம் சூழ்ந்த கடல் இது. வெயில் குடித்துத் தீர்க்கும் தண்ணீருக்கு ஈடுகட்ட ஆறுகளால் முடிவதில்லை. வங்கக் கடலுக்கோ கங்கையிலிருந்து காவிரி வரை நன்னீர் கொண்டுவந்து கொட்ட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா தலையாட்டிக்கொண்டே அலையோரம் ஓடிய ஒரு சின்னப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ளான்" என்றாள். அவள் குரலில் ஊர்க்காரரைக் கண்ட சந்தோஷம் இருந்தது.

உள்ளான் என்ற ஒரே சொல்லில் அவள் பத்துப் பன்னிரண்டு வகையை அடக்கிவிடுவாள். ஆனால் அவை வேறுவேறு என்பது அவளுக்குத் தெரியும். ஒன்று ஊசிபோலக் குத்தும், ஒன்று ஓடி ஓடி நின்று கொத்தும், ஒன்றுக்குக் கால் பவளமாக இருக்கும். உப்பு வாரும் பெண்கள் நிமிரும் ஒவ்வொரு தடவையும் கண்ணில் பட்டவை இவை. கோடியக்கரையில் 1967-இல் சரணாலயம் அறிவித்ததோ, 2002-இல் அது ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததோ அவளுக்குத் தெரியாது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வலை கட்டி, உள்ளான்களைப் பிடித்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுவதை மட்டும் கேட்டிருக்கிறாள். "பம்பாய்க்காரங்க குருவிக்குக் கொலுசு போட்டு விடுவாங்க" என்று சிறுவயதில் எனக்குச் சொன்னாள். அந்தக் கொலுசு எதற்கென்று எனக்குப் புரிய முப்பது வருடம் ஆனது, அதுவும் இந்த ஊருக்கு வந்த பிறகு.

குளிர்காலத்தில் அந்த உள்ளான்கள் இங்கும் வரும். அதனால்தான் அவளை ஜனவரியில் வரச் சொன்னேன். அந்த வாரச் சனிக்கிழமை முழுவதையும் பறவைகளுக்கென்று ஒதுக்கினோம். காலையில் துபாயில் ராஸ் அல் கோர், பிற்பகலில் வடக்கே உம்முல் குவைன்.

ராஸ் அல் கோர் என்றால் கழியின் தலை. துபாய் நகரத்துக்குள் நுழைந்து வளைந்து செல்லும் கடற்கழி அகன்று விரிகிற இடம். சுற்றிலும் ஆறு வழிச் சாலை, தூரத்தில் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீபா, நடுவில் ஆறு சதுர கிலோமீட்டர் சேறும் அலையாத்தியும் ஆழமில்லாத் தண்ணீரும். 2007-இல் இதுவும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மறைவுக் குடிலுக்குள் போய் உட்கார்ந்தோம். அம்மா மஃப்ளரைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பலகைச் சந்து வழியாகப் பார்த்தாள். பனிமூட்டம் முழுதும் விலகவில்லை. முதலில் வெறும் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது, பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கால்களும் கழுத்துகளும் பிரிந்துவந்தன. சில நூறு பூநாரைகள்.

அம்மாவுக்குப் பூநாரை புதிதல்ல. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று நான் விளக்கத் தொடங்கியதும் அவளே முந்திக்கொண்டாள். "கடைசிப் பாத்தியில தண்ணி ரத்தம் மாதிரி செவந்து கெடக்கும்ல, அதத் தின்னுதான்."

அதேதான். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் இறுக்கும்போது, உப்பு விளையப்போகும் கடைசிப் பாத்திகளில் வேறு எதுவும் பிழைக்காது. துனாலியெல்லா என்கிற ஒற்றைச் செல் பாசியும் உப்பையே விரும்பும் சில நுண்ணுயிர்களும் மட்டும் அங்கே பெருகும். கொளுத்தும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அந்தப் பாசி உடம்பு முழுக்கப் பீட்டா கரோட்டினைச் சேர்த்துக்கொள்கிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே பொருள்தான். உப்புநீர் இறால் பாசியைத் தின்னும், பூநாரை இரண்டையும் தின்னும். பூநாரையின் ஈரல் அந்த நிறமிகளைச் சற்று மாற்றி இறகுக்கும் தோலுக்கும் அனுப்பிவைக்கும். உப்பளத்துச் சிவப்பும் பூநாரைச் சிவப்பும் ஒரே சரக்கு என்பதை நான் புத்தகத்தில் படித்தேன். அம்மா முழங்கால் அளவு அதில் நின்று தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல ஆசைப்பட்டேன். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் கீழாக இருக்கும்படி வைத்து, தண்ணீரை வடிகட்டித் தின்கிறது என்பது வெகுகாலமாகத் தெரிந்ததே. ஆனால் அது சும்மா காத்திருந்து வடிகட்டவில்லை, தண்ணீரில் சுழல்களை உண்டாக்கி இரையைப் பிடிக்கிறது என்று 2025-இல் விக்டர் ஒர்த்தேகா ஹிமேனெஸ் குழுவினர் காட்டினார்கள். சவ்வுக் காலால் மிதித்துச் சேற்றைக் கிளப்புகிறது. கவிழ்த்த தலையை வினாடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் வெடுக்கென்று மேலே இழுக்கிறது. தரையிலிருந்து ஒரு குட்டிச் சூறாவளி எழும்பி, அடியில் கிடந்ததையெல்லாம் தூக்கிவருகிறது. தண்ணீருக்குள் அலகை வினாடிக்குப் பன்னிரண்டு தடவை அடித்துக்கொள்வதும் சின்னச் சின்னச் சுழல்களை எழுப்புகிறது. பூநாரை அலகைப் போலவே ஒன்றை அச்சிட்டுச் செய்து பார்த்தபோது, இந்த அடிப்பு இருந்தால் அலகு வழியே போகும் இறால் ஏழு மடங்கு கூடியது. அந்த அலகு ஏன் நடுவில் கோணலாக ஒடிந்தது போலிருக்கிறது என்பதற்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. தலையைக் கவிழ்க்கும்போது அந்த ஒடிந்த முன்பகுதி தரைக்கு இணையாக, தட்டையாகப் படிகிறது.

ஒற்றைக் காலில் நிற்பதைப் பற்றியும் சொன்னேன். 2017-இல் அட்லாண்டாவில் யங் ஹூய் சாங், லேனா டிங் என்ற இரு அறிவியலாளர்கள் இறந்துபோன பூநாரைகளின் உடலை எடுத்து ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்தார்கள், நின்றது. இரண்டு காலில் நிறுத்தப் பார்த்தால் அப்படி நிலையாக நிற்கவில்லை. ஒற்றைக் காலில் நிற்கையில் மூட்டுகள் தாமாகவே பூட்டியது போல் அமைந்து, தசைக்கு வேலையே இல்லாமல் போகிறது. நமக்கு ஒற்றைக் கால் தவம், அதற்கு அதுதான் ஓய்வு.

அம்மா இதைக் காதில் வாங்கினாளோ என்னவோ. இளஞ்சிவப்புக்கு நடுவே அங்கங்கே நின்ற அழுக்குச் சாம்பல் நிறப் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுங்க என்ன, வேற சாதியா?" அவை பிள்ளைகள் என்றேன். நிறம் ஏற இரண்டு மூன்று வருடமாவது ஆகும். குஞ்சாக இருக்கும்போது தாய் தகப்பன் இரண்டுமே தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையில் சுரக்கிற ஒருவகைப் பாலை அலகோடு அலகு வைத்து ஊட்டும். அந்தப் பால் சிவப்பாக இருக்கும், இத்தனை காலம் சேர்த்த நிறமி அதில் போகிறது. நம்மிடம் பால் சுரக்கக் காரணமான புரோலாக்டின் என்ற அதே ஹார்மோன்தான் அங்கும் வேலை செய்கிறது. குஞ்சு வளர்ந்து முடிகிறபோது பெற்றவை வெளிறிப்போயிருக்கும்.

"வெளுத்துப் போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்சநேரம் பேசவில்லை.

பிற்பகலுக்கு நேரமிருந்தது. ஷார்ஜா, அஜ்மான் தாண்டி வடக்கே போகிற வழியில் ஒரு மலையாளிக் கடையில் நிறுத்தி சுலைமானியும் பழம்பொரியும் சாப்பிட்டோம். அம்மா கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குளிர்காய்ந்துகொண்டே கேட்டாள். "இதுங்களுக்கு யாரு தம்பி வழி சொல்றது? ஆத்தாளும் அப்பனும் கூட்டிக்கிட்டு வருமா?"

எத்தனையோ வருடங்களாக விஞ்ஞானிகள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. பதிலை உம்முல் குவைன் சேற்றில் நின்று சொல்கிறேன் என்றேன்.

உம்முல் குவைன் நகரத்துக்கு எதிரே சினியா என்று ஒரு தீவு. தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே கோர் அல் பைதா, வெள்ளைக் கழி. கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் பளபளப்பு, ஓரத்தில் வெண்கண்டல் புதர்கள். முத்துப்பேட்டையில் அதிகமாக நிற்கிற அதே மரம். வண்டியை மண்பாதையில் நிறுத்தியபோது வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சேற்று வாடை அடித்தது. அம்மா ஆழமாக மூச்சிழுத்தாள்.

இந்தச் சேற்றுக்காகத்தான் பறவைகள் வருகின்றன. பார்க்க வெறுமையாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அடிக்குக் கீழும் புழு, சிப்பி, நத்தை, நண்டு. நாளுக்கு இரண்டு தடவை கடல் விலகிப் பந்தி விரிக்கிறது. ஆர்க்டிக்கில் பனி உறைந்து ஒரு பூச்சிகூடக் கிடைக்காத மாதங்களில் இங்கே இருபது டிகிரி வெயில். ஓமானில் பார் அல் ஹிக்மான் என்ற ஒரே சேற்றுவெளியில் மட்டும் குளிர்காலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கரைப்பறவைகள் கூடுவதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். உம்முல் குவைன் அந்தளவு பெரிதில்லை, ஆனால் ஒரு மனிதன் ஒரு பிற்பகலில் பார்த்து முடிக்கிற அளவைவிடப் பெரிது.

பந்தியில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆழம். உப்புக்கொத்திகளுக்குக் கண் பெரிது, அலகு குட்டை. ஓடும், நிற்கும், மேலே அசைவதைக் கொத்தும். கோட்டான் தன் வளைந்த நீண்ட அலகை முழுக்கச் செருகி ஆழத்து வளையிலிருந்து புழுவை இழுக்கும். பட்டைவால் மூக்கன் அலகைச் சேற்றுக்குள் விட்ட பிறகு, நுனியை மட்டும் திறந்து மூடும். வாய் முழுவதையும் திறந்தால் சேறு இறுக்கிக்கொள்ளும் அல்லவா? அலகின் நுனி எலும்பில் நூற்றுக்கணக்கான நுண்குழிகள், அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முடிச்சுகள். உள்ளான் இனத்துக்கு நெருங்கிய நாட் என்ற பறவையை வைத்து நெதர்லாந்தின் தியூனிஸ் பியர்ஸ்மா 1998-இல் இதைச் சோதித்தார். ஈர மணலில் அலகைக் குத்தும்போது மணல் துகள்களுக்கு நடுவேயுள்ள தண்ணீர் நெருங்கி அழுத்தம் பரவுகிறது. வழியில் ஒரு சிப்பி இருந்தால் அந்த அழுத்தம் அங்கே தடைபட்டுத் தேங்குகிறது. பறவை அந்த வித்தியாசத்தை உணர்கிறது. அலகு படாத இடத்திலிருக்கும் சிப்பியை, பார்க்காமல், மோக்காமல், தண்ணீர் நெருக்கத்தை வைத்தே கண்டுபிடிக்கிறது. கிணறு வெட்டுகிறவர் கடப்பாரை சத்தத்தைக் கேட்டுப் பாறை எங்கே என்று சொல்வாரே, அதற்கு நெருங்கிய வித்தை.

இங்கே என் மனத்தை அரிக்கும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2030-க்குள் 10 கோடி அலையாத்தி மரங்களை நடுவதாக 2021-இல் அறிவித்தது. காற்றிலுள்ள கரியைச் சேற்றில் பூட்டி வைக்கும் மரம், கரையைக் காக்கும் மரம். நடவேண்டியதுதான், முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரன் அதை வேண்டாமென்று சொல்வேனா? ஆனால் மரமில்லாத சேற்றுவெளி காலியிடமல்ல. எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிற திறந்த வெளியில்தான் கரைப்பறவைகள் மேயும், புதருக்குள் போகாது. எங்கே காடு வேண்டும், எங்கே வெறும் சேறே வேண்டும் என்பதை நடுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். தீவுகளும் கடலோர வீடுகளுமாகக் கரை நீண்டுகொண்டிருக்கிற நாட்டில், மிச்சமிருக்கும் சேற்றுக்கு மாற்று இல்லை.

கொசு உள்ளான்கள் ஒரு நூறு வரும், அம்மாவின் காலடிக்கு முப்பதடி தூரத்தில் தைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே சற்றுப் பெரிதாக, கீழ்நோக்கி வளைந்த அலகோடு வேறொரு உள்ளான். அதைக் காட்டி அவள் கேள்விக்குப் பதிலைத் தொடங்கினேன்.

இது சைபீரியாவின் வடமுனையில், தைமிர் தீபகற்பத்துப் பனிவெளியில் பிறந்தது. ஒரு கோழிமுட்டை எடைதான் இருக்கும். அங்கே இணை சேர்ந்ததுமே ஆண் கிளம்பிவிடும், அடைகாப்பதில் அதற்குப் பங்கில்லை. தாய் அடைகாத்து, குஞ்சு பொரித்து, கொஞ்சநாள் காவல் நிற்கும். பொரித்த நாளே குஞ்சு எழுந்து ஓடித் தானே பூச்சி பிடித்துத் தின்னும், ஊட்டுவதில்லை. பிறகு தாயும் கிளம்பிவிடும். குஞ்சுகளுக்குச் சிறகு முற்றிப் பறக்கத் தெரியும்போது அங்கே பெரியவர்கள் யாருமில்லை. பல வாரம் கழித்து, ஒரு தடவைகூடப் போகாத தேசத்தை நோக்கிப் பிள்ளைகள் எழும்புகின்றன. வந்து சேர்கிறவை ஆப்பிரிக்காவில், அரேபியாவில், கோடியக்கரையில் சேர்கின்றன.

"யாருமே இல்லாமலா?" என்றாள் அம்மா.

யாருமே இல்லாமல். வழி முட்டைக்குள்ளேயே வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்வார்கள், எனக்கு மிகப் பிடித்தது. நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகள் இலையுதிர்காலத்தில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து நெதர்லாந்து வழியாகத் தென்மேற்கே பறந்து, பிரான்சின் வடகரையிலும் இங்கிலாந்தின் தெற்கிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். பெர்டெக் என்ற டச்சு அறிவியலாளர், ஹேக் நகரருகே 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்குகளைப் பிடித்து வளையமிட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்ட பரிசோதனையின் முடிவை 1958-இல் வெளியிட்டார். ஏற்கெனவே ஒரு தடவையாவது போய்வந்த பெரிய பறவைகள், தாங்கள் இடம் மாற்றப்பட்டதை உணர்ந்து, திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்துக்கே போயின. அந்த வருடம் பிறந்த பிள்ளைகளோ, ஹேக்கிலிருந்து எந்தத் திசையில் போயிருக்குமோ அதே தென்மேற்கிலேயே பறந்து, தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. பிள்ளைக்குப் பிறப்போடு வந்தது திசையும் தூரமும். "இந்தப் பக்கம், இத்தனை நாள்" என்ற இரண்டே சொல். ஊர் எது என்று தெரிவது ஒருமுறை போய்வந்த பிறகுதான்.

திசையைச் சூரியனை வைத்தும், நட்சத்திரங்களை வைத்தும், பூமியின் காந்தப்புலத்தை வைத்தும் பிடிக்கின்றன. அந்த இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகமுடியும்? 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து ஐந்து மாதமே ஆனது, முதுகில் ஒரு சின்னக் கருவியோடு பசிபிக் பெருங்கடலின் மேல் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. சோறில்லை, தண்ணீரில்லை. கிளம்புவதற்கு முன் இவை உடம்பைக் கொழுப்பால் நிரப்பிக்கொள்ளும், கூடவே குடலையும் இரைப்பையையும் ஈரலையும் சுருக்கிக்கொள்ளும். அலாஸ்காவில் ரேடார் கூண்டில் மோதி இறந்த மூக்கன்களை அறுத்துப் பார்த்துத்தான் இது தெரியவந்தது. பயணத்தில் உதவாத உறுப்பைச் சுமப்பானேன்? இறங்கிய பிறகு திரும்ப வளர்த்துக்கொள்ளலாம். எங்கள் எதிரே சேற்றில் அலகை விட்டுக்கொண்டிருந்த மூக்கன்கள் அலாஸ்காக் கூட்டமல்ல, சைபீரியாக் கூட்டம். பயணம் சற்றுக் குறைவு, உடம்பின் ஏற்பாடு அதே வகை.

அம்மா நெடுநேரம் யோசித்தாள். அவளுக்கு இது பெருமையாகப் படவில்லை, பாவமாகப் பட்டது. "வழி தெரிஞ்சிருந்தா மட்டும் போதுமா, கூட ஒரு ஆள் வேணாமா?" என்றாள். பதினான்கு வருடத்துக்கு முன்பு திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்ற விதம் ஞாபகம் வந்தது. பேச்சை மாற்றி, வாங்கம்மா, அந்தப் பக்கம் போவோம் என்றேன்.

நான் அந்த நாளை ஒதுக்கியதே அந்தப் பக்கத்துக்காகத்தான். சூரியன் சாய்ந்து, தண்ணீர் வெகுதூரம் விலகியிருந்தது. கழியின் நடுவே ஒரு மணல்திட்டில் ஐம்பது அறுபது பறவைகள் ஒரே பக்கம் பார்த்து நின்றன. உடம்பு வெள்ளை, முதுகில் கறுப்புச் சால்வை போர்த்தியது போல ஒரு பட்டை, சாம்பல் நீலத்தில் நீண்ட கால்கள். அலகுதான் மற்ற கரைப்பறவைகளோடு ஒட்டவே ஒட்டாதது. குத்தூசி அல்ல, கத்தி. கறுத்து, தடித்து, இரண்டு பக்கமும் நெரிக்கப்பட்ட அலகு.

நண்டுதின்னி. அதன் குடும்பத்தில் வேறு பறவையே இல்லை, உலகம் முழுவதும் அந்த ஒரே ஒரு இனம். மொத்தம் 60,000 முதல் 80,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். குளிர்காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மன்னார் வளைகுடாவரை இந்தியப் பெருங்கடல் விளிம்பில் பரவி நிற்கும். கூடு கட்டும் இடங்களோ மிகக் கொஞ்சம். இந்த வளைகுடாவின் சில தீவுகள், ஓமான், செங்கடல், சோமாலியா ஓரம். அபுதாபிக் கடலிலும் குவைத்தின் புபியான் தீவிலும் ஈரான் தீவுகளிலும் அவை முட்டையிடுகின்றன, அதுவும் கோடையில். நிழலில் 45 டிகிரி கொதிக்கும் காலத்தில், மரமோ புல்லோ இல்லாத மணலில்.

அங்கே எந்தப் பறவை அடைகாக்கும்? வெயிலில் உட்கார்ந்தால் முட்டை வெந்துவிடும். கரைப்பறவைகளில் வேறெதுவும் செய்யாததை நண்டுதின்னி செய்கிறது. மணலுக்குள் ஒரு ஆள் நீளத்துக்கு வளை தோண்டி, அதன் கடைக்கோடியில் ஒரே ஒரு முட்டை இடுகிறது. திறந்த மணலில் இடும் மற்ற கரைப்பறவைகளின் முட்டைக்குப் புள்ளியும் கறையும் வேண்டும், மணலோடு மணலாகத் தெரிய வேண்டுமே. இருட்டு வளைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? அதனால் நண்டுதின்னியின் முட்டை வெள்ளைவெளேர் என்றிருக்கும்.

எரித்திரியாவின் தஹ்லக் தீவுகளில் இந்த வளைகளுக்குள் வெப்பமானி வைத்து அளந்த இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் எழுதினார்கள். வெளியே மணல் கொதித்து ஆறுகிறது, உள்ளேயோ பகலும் இரவும் 35 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, ஈரப்பதமும் மாறுவதில்லை. குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குக் கிட்டத்தட்ட தேவையான சூடு. வெயில்தான் பாதி அடைகாக்கிறது. 58 மணி நேரம் வரை முட்டையைத் தனியாக விட்டுவிட்டுப் பறவைகள் மேயப் போயிருக்கின்றன, உள்ளே கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நெல்லை வைக்கோல் போட்டு மூடிச் சூடேற்றுவது போல என்று அம்மாவுக்கு உடனே பிடிபட்டது. "அப்ப பெத்ததுக்கு வேலையே இல்லயா?"

அங்கேதான் அதிசயம். அடைகாப்பதில் மிச்சமான வேலையெல்லாம் பிறகு வருகிறது. மற்ற கரைப்பறவைகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சு பொரித்த அன்றே ஓடித் தின்னும், இதன் குஞ்சோ வளைக்குள்ளேயே கிடக்கும். தாயும் தகப்பனும் நண்டு கொண்டுவந்து ஊட்டும். சிறகு முளைத்துப் பறந்த பிறகும் விடாது. கூட்டம் குளிர்கால இடத்துக்குக் கிளம்பும்போது பிள்ளை பெற்றவரோடேயே கடல் தாண்டுகிறது. வந்த இடத்திலும் மாதக்கணக்கில் பின்னாலேயே நடந்து, கெஞ்சி, வாங்கித் தின்கிறது. சைபீரியாவிலிருந்து தனியாக வந்த உள்ளான் பிள்ளையும், இன்னும் கையேந்தி நிற்கும் நண்டுதின்னிப் பிள்ளையும் ஒரே சேற்றில், ஒரே வற்றத்தில் மேய்கின்றன.

காரணம் நண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வழியை முட்டைக்குள் வைத்துக் கொடுத்துவிடலாம், ஏனென்றால் தைமிரிலிருந்து தெற்கு என்றைக்கும் தெற்குதான். புழுவும் பூச்சியும் எதிர்த்துச் சண்டை போடுவதில்லை. நண்டு அப்படியல்ல. கொடுக்கு உண்டு, ஓடு உண்டு, பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறையும். எந்தக் கோணத்தில் குத்துவது, எதை முதலில் ஒடிப்பது, எதை முழுதாக விழுங்கலாம் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, தப்புச் செய்து, பசித்து, மறுபடி பார்த்துத்தான் கற்க முடியும். சிப்பியை உடைத்துத் தின்னும் சிப்பிபிடிப்பானும் இப்படியே பிள்ளைக்கு நெடுநாள் ஊட்டுகிறது. கடினமான சாப்பாட்டுக்கு நீண்ட பிள்ளைப்பருவம்.

பைனாகுலரை அம்மாவிடம் கொடுத்து, கூட்டத்தின் ஓரத்தில் முதுகு கறுக்காமல் சாம்பலாக, உச்சந்தலையில் கோடுகோடாக இருந்த ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டி, பிறகு கழற்றி, நேராகக் கண்ணில் வைத்தாள். கடலுக்கு மேல் நீர்க்காகங்கள் கறுப்புக் கயிறுகளாக வடக்கே சினியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தீவில் பல்லாயிரக்கணக்கில் கூடு வைக்கும் சொகோத்ரா நீர்க்காகங்கள் அவை, அரேபியக் கரைகளைச் சுற்றியல்லாமல் வேறெங்கும் வாழாதவை. அம்மா அவற்றை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"குனிஞ்சு குனிஞ்சு கேக்குது" என்றாள். நான் டெலஸ்கோப்பில் பார்த்தேன். சாம்பல் பிள்ளை கழுத்தைக் குறுக்கி, உடம்பைத் தாழ்த்தி, பெரியதின் பின்னால் குறுகுறுவென்று நடந்தது. பெரியது திரும்பவே இல்லை. இரண்டடி ஓடியது, நின்றது, வெட்டினாற்போல் குத்தியது. அலகில் நண்டு. தரையில் அடித்தது, ஒரு கொடுக்கு தெறித்தது. அடுத்ததையும் ஒடித்தது. பிள்ளை கிட்டே வந்ததும் மூன்றடி தள்ளிப் போய் நின்றது. பிள்ளை அங்கும் போனது. பிறகு பெரியது அலகைத் தாழ்த்தியது.

"குடுத்திருச்சு" என்று அம்மா என் தோளைத் தட்டினாள்.

உம்முல் குவைன் பள்ளிவாசலிலிருந்து மாலைத் தொழுகைக்கான அழைப்பு தண்ணீர்மேல் மிதந்து வந்தது. குளிர் ஏறியது. தண்ணீரும் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது, இன்னும் அரை மணியில் நாங்கள் நின்ற இடத்தின் ஓரம் நனையும். நண்டுதின்னிகள் இருட்டிலும் மேயும், அந்தப் பெரிய கண் அதற்குத்தான். கிளம்பலாமா அம்மா என்றேன்.

பதில் இல்லை. பெரியது தள்ளிப் போயிருந்தது. பிள்ளை மட்டும் ஒரு வளையின் வாயருகே அசையாமல் நின்று, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. குத்தியது. வெறும் சேறு. மறுபடி நின்றது.

"இரு தம்பி" என்றாள், பைனாகுலரை இறக்காமல். "அது புடிக்குதான்னு பாத்துட்டுப் போவோம்."